அறுவை கண்ட பிறவி இதயம்: பெரியவர் பருவத்தின் சிக்கல்களும் சிகிச்சையும்

பிறக்கும்போதே இதயத்தின் சுவரிலோ வால்வுகளிலோ பெருங்குழாய்களிலோ குறையோடு பிறந்து, குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ அறுவை செய்துகொண்டு, இன்று 20, 40, 60 வயதில் நடமாடுகிறவர்களுக்கு வரும் இதயச் சிக்கல்களையும் அவற்றைக் கவனிக்கும் முறைகளையும் பற்றியது இந்தக் கட்டுரை. உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு ஏதாவதொரு இதயக் குறை இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். 80 ஆண்டுகளுக்கு முன்பு கடுமையான குறைகளோடு பிறந்தவர்களில் பலர் பள்ளி வயதைத் தாண்டவில்லை. இன்று வசதியான நாடுகளில் 10 பேரில் 9 பேர் பெரியவர்களாகிறார்கள். குழந்தையைக் காப்பாற்றிய அறுவை, பெரியவருக்கு ஒரு தழும்பையும் ஒட்டுத்துணியையும் ஒழுகும் வால்வையும் விட்டுச் செல்கிறது. இவற்றைப் பார்க்கத் தனி மருத்துவம் வேண்டும் என்று உணர உலகத்துக்கு ஒரு தலைமுறை பிடித்தது.

மும்பைத் தமிழர்களுக்கு இந்த வரலாறு தொலைவில் நடந்ததன்று. தாதரிலிருந்து மத்திய ரயில்பாதையில் தெற்கே அடுத்த நிலையம் பரேல். அங்கே ஆச்சார்ய தோண்டே சாலையில் கே.இ.எம். என்று எல்லோரும் சொல்லும் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையும் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியும் 1926 முதல் இருக்கின்றன. அதே சாலையில் நௌரோஸ்ஜி வாடியா மகப்பேறு மருத்துவமனை 1926இலும் பாய் ஜெர்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனை 1929இலும் வந்தன. வடக்கே மாட்டுங்காவைத் தாண்டினால் சயான். அங்கே 1947இல் ராணுவக் கொட்டகைகளில் தொடங்கிய லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை, தாராவி மக்களின் வாயில் வெறும் ‘சயான் ஆஸ்பத்திரி’. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பட்டறைகளில் உழைத்த குடும்பங்களும், மாட்டுங்காவில் குடியேறிய அலுவலக ஊழியர் குடும்பங்களும், செம்பூரில் வீடு கட்டியவர்களும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து குழந்தை நீலம் பாய்ந்தால் ஓடியது இந்த மருத்துவமனைகளுக்குத்தான். பிறப்பதற்கு ஓரிடம், குழந்தையைப் பார்க்க ஓரிடம், பெரியவரைப் பார்க்க ஓரிடம் என மூன்றும் ஒரே சாலையில் அமைந்த ஊர் அரிது. ஆனால் அந்தச் சில நூறு அடிகளைக் கடக்கும்போதுதான் பல நோயாளிகள் தொலைந்துபோகிறார்கள். இந்தக் கட்டுரையின் அக்கறை பெரிதும் அந்தத் தொலைவைப் பற்றியது.

அறுவையின் தொடக்கம்

1938 ஆகஸ்ட் 26 அன்று பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூடாத தமனி நாளத்தைக் கட்டினார். கருவில் தேவைப்பட்டு, பிறந்த சில நாளில் தானே மூடவேண்டிய குழாய் அது. பிறவி இதய அறுவை என்ற துறை அங்கே பிறந்தது. 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, பெருந்தமனியின் குறுகிய பகுதியை வெட்டி ஒட்டினார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆல்ஃபிரட் பிளேலாக், நீலக் குழந்தை ஒன்றுக்குக் கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியோடு இணைத்தார். யோசனை குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக்குடையது. விலங்குகளில் முறையைச் செம்மைப்படுத்தி, அன்று அறுவை மேடையில் பிளேலாக்கின் தோளருகே நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வக உதவியாளர். கல்லூரிப் படிப்புக்கு வழியில்லாத அவருடைய பெயர் அந்த அறுவையின் பெயரில் சேர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று பிளேலாக்–தாமஸ்–டாசிக் இணைப்பு என்று சொல்வதே முறை.

இவை எல்லாம் இதயத்தைத் திறக்காமல் வெளியே செய்தவை. உள்ளே போகும் வழி 1952இல் திறந்தது. மினியாபொலிஸில் ஜான் லூயிஸ் உடலைக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி மேலறைச் சுவர்த் துளையைத் தைத்தார். 1953 மே 6 அன்று ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முறை வெற்றியோடு பயன்படுத்தினார். 1954இல் வால்ட்டன் லில்லஹை, தாய் அல்லது தந்தையின் உடலையே குழந்தைக்கு இயந்திரமாக இணைத்து அறுவை செய்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில், நீலம் பாயச் செய்யும் ஃபேலோவின் நான்கு குறைகளை (விவரம் கீழே) முழுதாகச் சரிசெய்த முதல் அறுவையும் அவருடையதே. ஒரே மேடையில் இரண்டு உயிர்களைப் பணயம் வைத்த முறை அது. அதை இன்று கண்டிப்பது எளிது. வேறு வழியில்லாமல் மூச்சடைத்துக் கிடந்த குழந்தைகளை அருகிருந்து பார்த்தவர்கள் அப்படிக் கண்டித்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் இந்த அறிவு வந்த பாதையில் தமிழர்களுக்கு இடமுண்டு. பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் 1917இல் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்த எஸ். பத்மாவதி, ஹெலன் டாசிக்கிடமும் ஹார்வர்டில் பால் டட்லி ஒயிட்டிடமும் பயின்றார். திரும்பி வந்து டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் நாட்டின் முதல் இதய வடிகுழாய் ஆய்வகங்களில் ஒன்றை அமைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். டாசிக்கிடம் பயிற்சி பெற்ற கமலா வைத்திலிங்கம் அங்கே இதயநோய்ப் பிரிவை வளர்த்தார். பம்பாயில் கே.இ.எம்.மின் பி. கே. சென் 1950களில் இதயத்தைத் திறக்காமல் செய்யும் அறுவைகளில் பெயர் பெற்றார். 1961இல் இதய-நுரையீரல் இயந்திரத்தோடு செய்யும் திறந்த இதய அறுவை இந்தியாவில் காலூன்றியது. அந்த ஆண்டோடு வேலூரின் என். கோபிநாத், பம்பாய் நாயர் மருத்துவமனையின் கே. என். தஸ்தூர் ஆகிய இருவர் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

கே.இ.எம்.மைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பேராசிரியர்கள் அனைவரும் இந்தியர்களாகவே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு நன்கொடை பெற்று எழுந்தது அதன் சேட் ஜி.எஸ். கல்லூரி. வெள்ளையர் மட்டுமே பெரிய பதவிகளில் அமர்ந்த காலத்தில் அப்படி எழுந்த இடம், 1968 பிப்ரவரியில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. கேப்டவுனில் பர்னார்டு முதல் மனித இதய மாற்று செய்து மூன்று மாதம்கூட நிறைவதற்குள், சென்னும் அவருடைய குழுவினரும் பரேலில் ஓர் இதயத்தை மாற்றிப் பொருத்தினார்கள். நோயாளி சில மணி நேரமே உயிரோடிருந்தார். மாநகராட்சி நடத்தும், கட்டணம் பெயரளவுக்கே உள்ள ஏழைகளின் மருத்துவமனையில் இவ்வளவு துணிச்சல் இருந்ததை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதன் பிந்திய தட்டுப்பாடுகளைப் பேசவேண்டும்.

பிழைத்தவர்கள் வளர்ந்தபோது

1950களில் அறுவை கண்ட குழந்தைகள் 1970களில் இருபதை எட்டினார்கள். குழந்தை மருத்துவர், வயதாகிவிட்டது என்று அனுப்பிவைத்தார். பெரியவர்களின் இதய மருத்துவருக்கோ மாரடைப்பும் வாதக் காய்ச்சல் வால்வுகளும் பழக்கம். இடம் மாறிய குழாய்களும் ஒற்றைக் கீழறையும் புதிது. இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களுக்காக லண்டன் தேசிய இதய மருத்துவமனையில் ஜேன் சோமர்வில் 1975இல் தனி வார்டு திறந்தார். டொராண்டோவில் அதற்கும் முன்பே ஒரு தனிப் பிரிவு இயங்கிவந்தது. அமெரிக்காவில் 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜோசஃப் பெர்லாஃப் ஒரு மையம் அமைத்தார். 2012இல்தான் அமெரிக்கா இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்று, 2015இல் முதல் தேர்வு நடத்தியது.

குணமாகிவிட்டது என்ற பேச்சை உடைத்த ஆய்வுகளில் ஒன்று 1993இல் மேயோ மருத்துவமனையிலிருந்து வெளியானது. 1950களில் ஃபேலோ அறுவை செய்து முதல் மாதத்தைத் தாண்டியவர்களில் 32 ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 86 விழுக்காடு. அதே வயதுப் பொதுமக்களில் 96 விழுக்காடு. இந்த எண்களை இரண்டு வகையாகவும் படிக்கவேண்டும். நீலம் பாய்ந்து சாகவேண்டிய குழந்தைகளில் பெரும்பாலோர் நடுவயதைக் கண்டது பெருவெற்றி. ஆனால் 10 விழுக்காட்டு இடைவெளியில் இருப்பவை பெரும்பாலும் திடீர் மரணங்களும் இதயச் செயலிழப்பும். முன்கூட்டியே கண்டிருந்தால் அவற்றில் பல தடுக்கக்கூடியவை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மருத்துவச் செலவை அரசே ஏற்கிறது. அங்கேயும் 18 முதல் 22 வயதுக்குள் 61 விழுக்காட்டினர் இதய மருத்துவரிடம் போகவில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு சொல்லிற்று. காசு தடையில்லாத இடத்திலேயே இந்த நிலை என்றால், ஒரு நாள் கூலி போய்விடும் என்று கணக்குப் பார்க்கும் தாராவி இளைஞனை யாரும் குறைசொல்ல முடியாது. அவன் வீட்டில் சொல்லப்படும் வாசகமும் அவனுக்கு எதிராகவே நிற்கிறது: “ஹார்ட்ல ஓட்டை இருந்துச்சு, சின்ன வயசுலயே அடைச்சாச்சு.” மேலறைத் துளையை ஐந்து வயதில் மிச்சமில்லாமல் மூடியவருக்கு அது கிட்டத்தட்ட உண்மை. மற்றப் பலருக்கு உண்மையன்று.

ஃபேலோ அறுவையின் பின்விளைவு

நீலக் குறைகளில் பெரிதும் காணப்படுவது ஃபேலோவின் நான்கு குறைகளே என்பதால், பெரியவர்களுக்கான எந்தப் பிரிவிலும் இவர்களே மிகுதி. கீழறைச் சுவரில் பெரிய துளை, நுரையீரலுக்குப் போகும் வழியில் அடைப்பு, துளைமேல் ஏறி உட்கார்ந்த பெருந்தமனி, தடித்த வலது கீழறை ஆகிய நான்கும் சேர்ந்தது இது. அறுவையில் துளையை ஒட்டுத்துணியால் மூடி, அடைப்பை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். வழி மிகக் குறுகலாக இருந்தால் நுரையீரல் வால்வின் வளையத்தையே குறுக்கே வெட்டி ஒட்டுப் போடவேண்டிவரும். அப்போது வால்வு பயனற்றதாகிறது. நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்ப ஒழுகுகிறது. பழைய அறுவை மருத்துவர்கள் இந்த ஒழுக்கைத் தீங்கற்றது என்று கருதினார்கள். 10, 15 ஆண்டுகள் அப்படித்தான் தோன்றவும் செய்தது. பிறகு வலது கீழறை வீங்கி, சுவர் நைந்து, துடிப்பு தடுமாறத் தொடங்கியது.

இதில் இ.சி.ஜி. என்ற மலிவான தாள் பெரிய வேலை செய்கிறது. கீழறை துடிக்கும்போது பதிவாகும் கியூ.ஆர்.எஸ். அலையின் அகலம் 180 மில்லி விநாடியைத் தொட்டால், உயிர் பறிக்கும் வேகத் துடிப்புக்கான ஆபத்து கூடுகிறது என்று மைக்கேல் கட்சூலிஸும் சோமர்வில்லும் அவர்களுடைய குழுவினரும் 1995இல் காட்டினார்கள். அந்தக் கணக்கை எந்த ஊர் மருத்துவரும் அளவுகோலோடு தாளில் அளந்துவிடலாம். கீழறை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை அளக்க எம்.ஆர்.ஐ. வேண்டும். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு, விரிந்த நிலையில் 160 மில்லிலிட்டரையோ சுருங்கிய நிலையில் 80 மில்லிலிட்டரையோ தாண்டினால் புது வால்வு பொருத்துவது பற்றி யோசிக்கவேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல்களின் போக்கு. மிகவும் தாமதித்தால் வால்வு வைத்தும் கீழறை பழைய அளவுக்குச் சுருங்குவதில்லை. மிகவும் முந்திவிட்டால், வைக்கும் திசு வால்வு தேய்ந்து அடுத்த அறுவைக்கு நாள் குறிக்கிறது.

இங்கே ஒரு தனிச்சிக்கல். இவர்களிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை, பிறந்ததிலிருந்து குறைந்த வேகத்திலேயே வாழ்ந்ததால் இதுதான் இயல்பு என்று உடல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாதர் நிலையத்தின் மேம்பாலப் படியில் நடுவே நின்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல் இளைப்பாறுகிறவர், தான் இளைப்பாறுவதாகவே உணர்வதில்லை. டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தால் உண்மை தெரியும். ஆகவே வாய்ப்பேச்சை மட்டும் நம்பி, நன்றாக இருக்கிறார் என்று கேஸ் பேப்பரில் எழுதிவிடக்கூடாது.

தழும்பும் துடிப்பும்

மேலறையை வெட்டித் தைத்த எந்த அறுவையும் அங்கே ஒரு தழும்பை விடுகிறது. இதயத்தின் மின் அலை அந்தத் தழும்பைச் சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கும். இந்த வகைத் துடிப்புக் கோளாறு, அறுவை கண்ட பெரியவர்கள் அவசரப் பிரிவுக்கு வரும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. அடையாளம் காண்பதில் ஒரு பொறி உண்டு. மேலறையின் இரண்டு துடிப்புக்கு ஒன்றை மட்டும் கீழறை ஏற்றுக்கொள்ளும்போது நாடி 120, 130 அல்லது 150 என்று சீராக நிற்கும். பார்க்கிறவருக்குப் பதற்றத்தாலோ காய்ச்சலாலோ வந்த சாதாரணப் படபடப்புபோல் தோன்றும். படுத்தாலும் எழுந்தாலும் தூங்கினாலும் மாறாமல் ஒரே எண்ணில் நிற்கும் நாடியைச் சந்தேகிக்கவேண்டும். நாள்கணக்கில் நீடித்தால் இதயம் தளரும்; மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும். ரத்தம் உறையாமைக்கு மருந்து, மின்னதிர்ச்சியால் துடிப்பைச் சீராக்குதல், பிறகு வடிகுழாய் வழியே அந்தச் சுற்றுப்பாதையைச் சுட்டுத் துண்டித்தல் என்பது சிகிச்சை வரிசை. முப்பரிமாண வரைபடக் கருவிகள் வந்தபின் இந்தச் சுடுமுறை பெரிதும் தெளிவடைந்துள்ளது.

மறுபக்கம் துடிப்பு மந்தமாவதும் உண்டு. கீழறைத் துளையைத் தைக்கையில் மின்பாதை அடிபட்டவர்களுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பார்கள். அதன் மின்கலம் பல ஆண்டுகளில் தீரும், மாற்றவேண்டும். குழந்தையில் வைத்த கம்பி, ஆள் வளர்ந்ததும் இழுபடும்.

கையைப் பற்றிய ஒரு குறிப்பு

பழைய முறை பிளேலாக் இணைப்பு செய்தவர்களுக்குக் கைத்தமனியையே திருப்பி நுரையீரலுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கையில் நாடி மெலிந்திருக்கும். ரத்த அழுத்தம் குறைவாகக் காட்டும். பெருந்தமனிச் சுருக்கத்தைச் சரிசெய்ய இடது கைத்தமனியை மடித்துப் பயன்படுத்தியவர்களுக்கும் அப்படித்தான். தெரியாமல் அந்தக் கையில் பட்டையைக் கட்டினால் உயர் ரத்த அழுத்தம் கண்ணுக்குத் தப்பிவிடும். பெருந்தமனிச் சுருக்கத்துக்கு அறுவை கண்டவர்களிடம் உயர் அழுத்தம் அறுவை வெற்றியானாலும் பின்தொடரும் நோய். வலது கையிலும் ஒரு காலிலும் அளந்து ஒப்பிடுவது, மறுபடி சுருங்குகிறதா என்று அறிய எளிய வழி. ஒட்டுத்துணி வைத்த இடம் பலூன்போல் வீங்கி வெடிப்பதும் உண்டு என்பதால், சில ஆண்டுக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். இவர்களில் பலருக்குப் பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இருக்கும், அதையும் கவனிக்கவேண்டும்.

சுற்றோட்டத்தையே மாற்றிய அறுவைகள்

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு முதலில் வந்தவை சென்னிங், மஸ்டர்டு முறைகள். குழாய்களைத் தொடாமல், மேலறைக்குள் தடுப்புக் கட்டி ரத்தத்தின் பாதையைத் திருப்பினார்கள். குழந்தைகள் சிவந்து வளர்ந்தார்கள். ஆனால் நுரையீரலுக்கு மட்டுமே தள்ளப் படைக்கப்பட்ட வலது கீழறை உடல் முழுவதற்கும் தள்ளவேண்டியதாயிற்று. 30, 40 வயதில் அது களைத்துப்போகிறது. 1975இல் பிரேசிலின் அடிப் ஜடேன் குழாய்களையே வெட்டி இடம் மாற்றிப் பொருத்திக் காட்டியபின் பழைய முறை மெல்ல மறைந்தது. இந்தியாவில் பச்சிளங்குழந்தை அறுவை பரவலானது 1990களில்தான் என்பதால், இங்கே ஜடேன் முறை கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்னும் இளைஞர்கள்.

ஒரே ஒரு கீழறை மட்டும் பயன்படும் இதயத்துக்கு, பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபோன்டான் 1968இல் செய்து 1971இல் வெளியிட்ட முறை இன்னும் துணிச்சலானது. உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே நுரையீரலுக்கு இணைத்துவிடுகிறார்கள். தள்ளும் விசை இல்லாமல் ரத்தம் தானே ஓடவேண்டும்; அதற்காகச் சிரைகளில் எப்போதும் உயர்ந்த அழுத்தம் நிற்கிறது. அந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கும் கல்லீரல் இறுகி நார்நாராகிறது. குடல்வழிப் புரதம் ஒழுகி வயிறும் காலும் வீங்குகிறவர்களும் உண்டு. ஃபோன்டான் சுற்றோட்டம் உள்ளவருக்கு வயிற்றுப்போக்கோ டெங்கு காய்ச்சலோ வந்து உடல் நீர் வற்றினால் ரத்த ஓட்டம் சட்டென்று தளரும். எலும்பு முறிவுக்கு மயக்கம் கொடுக்கும்போதும் நுரையீரலில் காற்றை அழுத்தித் தள்ளும் அளவைப் பார்த்தே செய்யவேண்டும். மழைக்காலத்தில் டெங்குவும் லெப்டோஸ்பைரோசிஸும் பரவும் மும்பையில், இந்த ஒரு பத்தியை ஒவ்வோர் அவசரப் பிரிவு மருத்துவரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும் என்பது என் ஆசை.

தாய்மை

அறுவை கண்ட பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போதுதான் பலமுறை நோயே மீண்டும் பேச்சுக்கு வருகிறது. அதுவும் மறைக்கவேண்டிய ரகசியமாக. நெஞ்சுக்கு நடுவே நீளமான தழும்பு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லலாமா என்ற கவலை. சொல்லாமல் விட்டால் கருவுற்றபின் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லமுடியாமல் போகிறது. அதில் இருக்கும் ஆபத்து கல்யாணம் தடைப்படுவதைவிடப் பெரியது.

உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பை ஒட்டிய வகைப்பாட்டில், முழுதாக மூடிய துளைகள் முதல் வகை: கருவுறுதல் கிட்டத்தட்ட எல்லோருக்கும்போல். சிக்கலில்லாத ஃபேலோ அறுவை இரண்டாம் வகை: கவனத்தோடு பெறலாம். உலோக வால்வு, ஃபோன்டான் சுற்றோட்டம், உடலுக்குத் தள்ளும் வலது கீழறை ஆகியவை மூன்றாம் வகை: இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்தே பார்க்கவேண்டும். நுரையீரல் தமனி அழுத்தம் மிக உயர்ந்தவர்களுக்கும் கீழறை மிகத் தளர்ந்தவர்களுக்கும் கருவுறுதல் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்குக் கருத்தடை முறையைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே வெளிப்படையாகப் பேசவேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கூட்டுவதால் ஃபோன்டான் கண்டவர்களுக்கு ஆகாது.

உலோக வால்வு வைத்தவர்கள் வாழ்நாள் முழுதும் ரத்தம் உறையாமைக்கு வார்ஃபரினோ அசெனோகூமராலோ உட்கொள்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதல் பொருத்தப்பட்ட சித்ரா வால்வை, சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் தயாரித்து நாடு முழுதும் தந்தது. ஏழைகளுக்கு எட்டிய வால்வு அது. ஆனால் எந்த உலோக வால்வும் இந்த மருந்தைக் கேட்கும். கருவின் 6 முதல் 12 வாரத்துக்குள் வார்ஃபரின் குழந்தையின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாய் இறக்கலாம். நாளுக்கு 5 மில்லிகிராமுக்குள் வார்ஃபரின் போதுமானவர்களுக்குக் குழந்தைக்கான ஆபத்து குறைவு. எதைத் தேர்ந்தாலும் கருத்தரிப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசிய முடிவாக அது இருக்கவேண்டும். நாள் தள்ளிப்போன பதற்றத்தில் பெண் தானே மாத்திரையை நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசம்.

பிறக்கும் குழந்தைக்கும் இதயக் குறை வரும் வாய்ப்பு பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு. கருவின் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவுக்கே எக்கோ எடுத்துப் பார்க்கலாம்.

பல்

இதயத்தின் உள்ளுறை அழற்சிக்குப் பெரிய நுழைவாயில் வாய். பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் உள்ள வாய்களில் ஈறு எப்போதும் புண்ணாகவே இருக்கிறது. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இந்த அழற்சி வந்தவர்கள், நீலம் தீராதவர்கள், ஒட்டுத்துணி அருகே இன்னும் ஒழுக்கு மிச்சமிருப்பவர்கள், அறுவையில் செயற்கைப் பொருள் வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் எடுக்கவேண்டும். எல்லோருக்கும் பொதுவானது நாள்தோறும் பல் துலக்குவதும், காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுப்பதும். கடைசிக் குறிப்பு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஊரில் மிகவும் தவறவிடப்படுகிறது.

வடிகுழாய்க் காலம்

முதல் அறுவை போதாமல் இரண்டாம் முறை நெஞ்சைத் திறப்பது கடினம். முன்பு வெட்டித் தைத்த திசுக்கள் எலும்போடு ஒட்டிக் கிடக்கும். ரம்பம் வைக்கும்போதே குழாய் கிழியலாம். இந்தப் பயத்தைக் குறைத்தது தொடைவழி நுழையும் வடிகுழாய் முறை. 2000இல் பிலிப் பான்ஹோஃபர் பாரிஸில் 12 வயதுச் சிறுவனுக்கு நெஞ்சைத் திறக்காமல் நுரையீரல் வால்வு பொருத்தினார். அறுவை கண்ட பிறவி இதயம் ஒன்றிலிருந்தே வடிகுழாய் வால்வுகளின் வரலாறு தொடங்கிற்று என்பதை, இன்று முதியவர்களுக்கு அது பெருவழக்கமானபின் பலர் மறந்துவிட்டார்கள். வெளிநாட்டு வால்வின் விலை இந்தியக் குடும்பங்களுக்கு எட்டவில்லை. குஜராத்தின் வாபியில் மெரில் நிறுவனம் பெருந்தமனி வால்வுக்கு உருவாக்கிய ‘மைவால்’ என்ற வடிகுழாய் வால்வை நுரையீரல் வால்வின் இடத்திலும் பொருத்திய அனுபவங்களைச் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் கே. சிவகுமார் குழு வெளியிட்டுள்ளது.

மாட்டுங்காவுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. கே.இ.எம்.மில் பணியாற்றிய பரத் தல்வி, மாட்டுங்காவில் இயங்கிய கிளென்மார்க் இதய மையத்திலிருந்து, மிகப் பெரிய மேலறைத் துளைகளை அறுவையின்றி மூட ஒரு பலூனின் துணையைப் பயன்படுத்தும் முறையை 2005இல் வெளியிட்டார். அறுவைதான் வழி என்றிருந்த அளவுள்ள துளைகளுக்கும் இந்த உத்தி பல நாடுகளில் கையாளப்படுகிறது.

கோப்பு

இந்தியாவில் பிறவி இதய நோய்க்கான அரசின் கை பெரும்பாலும் குழந்தைமேல் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டம் பள்ளி, அங்கன்வாடிகளில் 18 வயதுவரை தேடுகிறது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிபா பூலே திட்டமும் பெரியவர்களின் அறுவைக்கும் பணம் தருகின்றன. ஆனால் இவை ஒரு சிகிச்சைக்குப் பணம் தரும் ஏற்பாடுகள். அறுவைக்குப் பின் 20 ஆண்டு கூப்பிட்டுப் பார்க்க யாரும் பொறுப்பேற்கவில்லை. பெரியவர்களுக்கான தனிப் பிரிவுகள் நாட்டில் மிகச் சில. ஆகவே பொறுப்பு நோயாளி கையில் இருக்கும் காகிதத்தின்மேல் விழுகிறது.

அந்தக் காகிதம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். குழந்தை பரேலில் அறுவை காண்கிறது. குடும்பம் தாராவியில் இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து வேறிடத்துக்கு மாறுகிறது. மழை வெள்ளத்தில் கோப்பு நனைகிறது. பிள்ளை தாதர்–திருநெல்வேலி சாளுக்கியா விரைவு ரயிலேறி ஊருக்குப் போய்ப் பாட்டி வீட்டில் படிக்கிறது. 22 வயதில் பாளையங்கோட்டையில் மயங்கி விழும்போது, எந்த அறுவை, எந்தப் பக்கம் இணைப்பு, வால்வு இருக்கிறதா, ஒட்டு எங்கே என்று சொல்ல அருகில் யாருமில்லை. “நெஞ்சுல ஆப்பரேஷன்” என்பது மட்டுமே மிச்சம். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய டிஸ்சார்ஜ் தாள் கிடைத்தாலும், அறுவைக் குறிப்பு அதில் இருக்காது. இரண்டு வரிச் சுருக்கமே இருக்கும்.

ஆகவே 12, 13 வயதிலிருந்தே பிள்ளைக்குத் தன் நோயின் பெயரையும் அறுவையின் பெயரையும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று உலக வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அம்மா பதில் சொல்ல, பிள்ளை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஓ.பி.டி. வழக்கம் இங்கே இடையூறு. மருத்துவர் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கவேண்டும், அம்மா பொறுத்துக்கொள்ளவேண்டும். பாதுகாக்கவேண்டியவை: அறுவைக் குறிப்பின் முழுப்படி, கடைசி எக்கோ, பழைய இ.சி.ஜி. ஒன்று, வால்வோ பேஸ்மேக்கரோ இருந்தால் அதன் அட்டை, ரத்தம் உறையும் வேகத்தை அளந்து குறிக்கும் ஐ.என்.ஆர். புத்தகம், எந்தக் கையில் அழுத்தம் பார்க்கக்கூடாது என்ற ஒரு வரி. கைப்பேசியில் படமெடுத்து இரண்டு பேரிடம் அனுப்பிவைத்தால் வெள்ளமும் இடமாற்றமும் அதைத் தொடமுடியாது. அறுவை நடந்த மருத்துவமனையில் பழைய பதிவெண்ணைக் கொடுத்துப் பதிவறையில் விண்ணப்பித்தால் சுருக்கத்தின் படி பலமுறை கிடைக்கும். ஆண்டும் பெயரின் அன்றைய எழுத்துக்கூட்டும் தெரிந்திருக்கவேண்டும். எளிய துளை மூடியவர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறையும், ஃபேலோ அறுவை கண்டவர்கள் ஆண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறையும், ஃபோன்டான் கண்டவர்கள் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும் பிறவி இதய நோய் தெரிந்த மருத்துவரைப் பார்க்கவேண்டும். நாடி திடீரென ஓடினாலோ, மயக்கம் வந்தாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் நீடித்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்கக்கூடாது.